நாற்பத்தொரு ரேகைகள்

மூட்டைக்காரர் தோளிலிருந்து இறக்கிய பழைய பேப்பர்க் கட்டு அவிழ்ந்து, மில்லின் பழைய வருகைப் பதிவேடு ஒன்று தரையில் விரிந்தது. ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றவர். கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற ஆசை இன்னும் அடங்கவில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினார். பெரிய வேலைநிறுத்தம் நாற்பத்தொரு நாள் நடந்த வருஷம்.

அந்த நாற்பத்தொரு நாளும் வேலைக்குப் போகாமல் நின்றவர்களின் பேரைப் பொறிக்க, மில் வாசலில் கல் வந்து இறங்கியிருந்தது. மூட்டைக்காரருடைய தாத்தாவின் பேர்தான் முதலில் என்று சங்கத்தில் முடிவு. அவர் பேருக்கு நேரே வெறும் கட்டங்கள் இருக்கும், ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிடலாம் என்றுதான் பக்கத்தைப் புரட்டினார்.

ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. நாற்பத்தொரு நாளும் கைநாட்டு. தாத்தாவின், இயந்திரம் பிளந்த பெருவிரல் அது. ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. வேறு யாரும் வைத்திருக்க முடியாது.

"என்ன மச்சான், பரீட்சை கிரீட்சை இருக்கா? பழைய பேப்பரைக்கூட விடமாட்டேங்கிறீங்க" என்றான் கூடச் சுமக்கிறவன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மதிய இடைவேளையில் சாப்பிடாமல் அத்தை வீட்டுக்கு நடந்தார். அப்பாவின் அக்கா, அந்த நாட்களைக் கண்டவர்களில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். கேட்டதும் மழுப்பவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"உங்கப்பனுக்கு ரெண்டு வயசு. காய்ச்சல்ல கண்ணு செருகிப்போச்சு. வேலைக்கு வந்தவன் பிள்ளைக்குத்தான் மருந்துன்னுட்டான் மில் டாக்டர். எங்கப்பா முதல் நாளே பின்வாசல் வழியாப் போனாரு. அத்தனை நாளும் மில்லுக்குள்ளேயே படுத்துக்கிட்டாரு. போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு தெரு தானாச் சொல்லிக்கிச்சு. நாங்க இல்லேன்னு சொல்லல."

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மூட்டைக்காரர் வேலை பார்த்த கம்பெனியிலும் வேலைநிறுத்தம். பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். மனைவி காலைப் பிடிக்காத குறையாக அழுதாள். இந்த உடம்பில் கருங்காலி ரத்தம் ஓடவில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வேலை போனது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகள் தையல் மெஷினுக்குப் போனாள். முப்பது வயதாகுமுன் கழுத்து கூன் விழுந்துவிட்டது. அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தியபோது அத்தை இதே கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாமில்ல, அத்தை?"

"சொன்னா வேலைக்குப் போயிருப்பியா?"

போயிருப்பாரா என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பிள்ளையைப் பார்த்தவருக்குக் கல்லில் பேர். ஊர்ப் பேச்சைப் பார்த்தவனுக்கு மூட்டை.

மூட்டைக்காரர் வந்தபோது, மில் வாசலில் கல்வெட்டுக்காரர் சாக்குக்கட்டியால் பேர்களை எழுதி முடித்திருந்தார். தாத்தாவின் பேர் உச்சியில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. அவர் அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"சரியாயிருக்காண்ணே? உளி வச்சிட்டா அழிக்க முடியாது."

மூட்டைக்காரர் வாளியில் கிடந்த துணியை எடுத்து, பிழியாமல், அந்தப் பேர்மேல் அழுத்தித் தேய்த்தார். கல் கறுத்தது. கல்வெட்டுக்காரர் சுத்தியலைப் பிடித்தபடி, வேறென்ன பேர் போடுவது என்று கேட்பதுபோல் பார்த்தார்.

வெயில் நேராகக் கல்மேல் விழுந்தது. ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அது சுருங்கச் சுருங்க, முதல் எழுத்து மங்கலாக, வெள்ளையாக, மறுபடி தெரிய ஆரம்பித்தது.