ஒரே பெயரில் இரண்டு டிரைவர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால். குவோபியோ நகரில் இருந்த அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் மைக் ஊமையாகிக் கிடந்தது. எட்டு மணிக்குப் பார்வையற்றவர்களுக்காக அன்றைய நாளிதழை வாசித்தாக வேண்டும். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹில்க்காவுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. போகிற போக்கில் எதையோ செய்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான் கிழவன்!

கிழவன் என்றது ஒஸ்மோவை. இருபது வருடமாக அங்கே ஒலிப்பதிவு பார்த்த மனிதர். போன வெள்ளிக்கிழமைதான் நிலையத் தலைவி மெர்வி அவருடைய சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினாள். அனுப்ப வைத்தவள் ஹில்க்கா.

காரணம் இல்லாமலா? கணினியை இயக்கும் லினக்ஸோடு கூடவே வரும் சவுண்டு டிரைவருக்கு, அதாவது மைக்கைக் கணினியோடு பேச வைக்கும் நிரலுக்கு, நிலையத்தின் புது மைக் பெட்டி பிடிபடவே இல்லை. ஹில்க்கா மூன்று நாள் மாரடித்து, வேறொரு டிரைவரைத் தேடிப் பிடித்துத் தனியாக நிறுவினாள். சில வாரம் தொல்லையில்லாமல் ஓடியது. அப்புறம் போன செவ்வாய்க்கிழமை திடீரென்று சத்தம் போயிற்று. பஸ் தாமதம் என்று மூச்சிரைக்க ஓடி வந்த ஒஸ்மோ கணினி முன் உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிட்டது. அதென்ன மாயம்? கணினியின் பதிவேட்டைத் திறந்து 'நீக்கம்' என்ற சொல்லை மட்டும் தேடினாள். கிடைத்தது. ஒவ்வொரு செவ்வாயும், ஒஸ்மோவின் கையால், அவளுடைய டிரைவரின் பெயருக்கு எதிரே அந்தச் சொல் இருந்தது.

அன்றைக்குக் காப்பி நேரத்தில் சமையலறையில் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டாள்.

"என் டிரைவரை எடுத்தது நீங்கதானே?"

ஒஸ்மோ மீன் வைத்த ரொட்டியை நிதானமாக மென்றார். "எடுத்தேன்னும் சொல்லலாம், எடுக்கலைன்னும் சொல்லலாம்."

குவோபியோ இருக்கும் சாவோ பக்கத்துக்காரன் வாயைத் திறந்தால், புரிந்துகொள்ளும் பொறுப்பு கேட்பவன் தலையில் என்று நாடே சொல்லும். தூரத்துத் துர்க்கு நகரில் பிறந்த ஹில்க்காவுக்கு அந்த வழவழா பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"நேரா சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

"ரெண்டும்தாம்மா. நீதான் பக்கத்துல வந்து உக்காந்து பாரேன்."

"பாத்த வரைக்கும் போதும்! பிள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் ஆட்டுறீங்க. நீங்க இல்லாட்டி இங்க எதுவும் ஓடாதுன்னு காட்டணும், அதுக்குத்தானே?"

ஒஸ்மோவின் முகம் சிவந்தது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். குற்றம் இல்லாதவன் இப்படியா போவான் என்று ஹில்க்கா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் இன்று? சாவியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை, ஆளும் இல்லை. பின்னே யார் கிள்ளியது?

பதிவேட்டைத் திறந்தாள். இந்த முறை எதையும் தேடாமல் வரி வரியாகப் படித்தாள். திங்கள் இரவு கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கியிருந்தது. வாரம் ஒருமுறை அப்படி நடக்கும்படி வைத்தவளும் அவள்தான். தொடங்கியதும் ஒரு டிரைவர் ஏறியிருந்தது. பெயர் அதேதான். இருப்பிடத்தைப் பார்த்தாள். அது அவள் நிறுவியது அல்ல. லினக்ஸோடு கூடவே வந்தது.

அடக் கடவுளே, இரண்டுக்கும் ஒரே பெயர்.

பழைய செவ்வாய்களைப் புரட்டினாள். ஒவ்வொரு 'நீக்கம்' வரிக்கும் அடுத்த வரியிலேயே 'ஏற்றம்' இருந்தது. லினக்ஸோடு வந்ததை அவர் இறக்கிவிட்டு, அவளுடையதை ஏற்றியிருக்கிறார். வாரந்தோறும், அவள் வருவதற்கு முன்னால்.

அந்த இரண்டு வரிகளையும் தானே தட்டினாள். மைக் உயிர் பெற்றது. வாசிப்பு எட்டு மணிக்குத் தொடங்கியதும் நடைக்கு வந்து ஒஸ்மோவுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டுக்கும் ஒரே பேருன்னு ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"அதுக்குத்தானேம்மா வந்து பாருன்னேன்."

"தப்பு என்னோடதுதாங்க. மன்னிச்சிடுங்க. நாளைக்கே வந்துடுங்க, மெர்விகிட்ட நான் பேசுறேன்."

"தாராளமாப் பேசு. சத்தம் வந்துச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப சரி," என்று போனை வைத்தார்.

ஒன்பது மணிக் காப்பிக்கு எல்லோரும் சமையலறையில் கூடியிருந்தார்கள். ஹில்க்கா உட்காரவில்லை. "போன வாரம் இங்க நின்னுதான் அவரைக் குத்தம் சொன்னேன். அவர் எதையும் கெடுக்கல. நான் செஞ்ச கோளாறைத்தான் வாராவாரம் சரி பண்ணியிருக்கார்," என்றாள்.

மெர்வி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வரச் சொன்னேன்."

"வரேன்னாரா?"

"சத்தம் வந்துச்சான்னு மட்டும்தான் கேட்டார்," என்றாள் ஹில்க்கா.