நீலத் தொட்டி வீட்டுக்கு வழி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது ஒரு பூப்போட்ட தலையணையோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. தலையணையைக் கொண்டுவந்தவர் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கும் பெண். இரண்டு மாதத்துக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்த அன்று, ஸ்ட்ரெச்சரில் அவர் தலைக்கடியில் நான் திணித்து அனுப்பியது. துவைத்து, வெயிலில் போட்டு, உறை மாட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"குடுக்கணும் குடுக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்க்கா. ஷிஃப்ட் முடிஞ்சா வீடு, வீடு முடிஞ்சா ஷிஃப்ட்டுன்னு ஓடுது."

தலையணை ஒரு சாக்கு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. டீயைக் குடித்து முடித்தவர் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நீங்க கதை எழுதுவீங்களாமே. எங்க அண்ணனப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன். இனிமே வண்டி ஓட்ட மாட்டேன், ஸ்டோர்ல போடுங்கன்னு லெட்டர் எழுதிட்டாரு. சனிக்கிழம நாலு மணிக்கு மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டுருவாரு."

அண்ணன் என்றது வண்டி ஓட்டுபவரை. காரணம் கேட்டேன். காரணம் நாங்கள்தான். அன்று எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒரு சாலைப் பிரிவில் தப்பாகத் திரும்பிவிட்டார். நாலு நிமிடம் போயிற்று. என் கணவரின் வலது கை இன்னும் சரியாகவில்லை என்று யாரோ சொல்லிக் கேட்டதிலிருந்து அந்த நாலு நிமிடம் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

அவர் தலையணையோடு வந்தது செவ்வாய்க்கிழமை. நான்கு நாள் இருக்கிறது, தாராளம் என்று நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு நேரத்தைப் பற்றி என்றைக்குத்தான் சரியான கணக்கு இருந்தது?

2

தொடக்கம் ஒன்று: 'சைரன் சத்தம் வயல்களைக் கிழித்துக்கொண்டு வந்தது.' (வேண்டாம். அன்று சைரனே போடவில்லையாம். ரோட்டில் இரண்டு ஆடும் ஒரு சைக்கிளும் இருந்தன, யாரைப் பயமுறுத்த?)

தொடக்கம் இரண்டு: 'பத்து நாற்பதுக்கு அவள் போனை எடுத்தாள். பத்து நாற்பதுக்கு முன்னால் அவள்

இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். அழிக்கவும் மனமில்லை.

தொடக்கம் மூன்று: அவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.

3

அவருக்கு ஆம்புலன்ஸ் நிலையத்தில் ரிவர்ஸ் என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வண்டியைத் திருப்பி, மூக்கு வெளியே பார்க்க நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார். ஆளை ஏற்றியபின் ஒரு நொடிகூட வீணாகக் கூடாது. பழக்கம் முற்றிப்போய் வீட்டில் சைக்கிளையும் அப்படித்தான் நிறுத்துகிறார். செருப்பையும் அப்படித்தான் விடுகிறார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாராம். தலையணை கொண்டுவந்த உதவியாளருக்குப் பெயர் பிளாஸ்திரி. பேன்ட்டின் தொடையில் அகலமாக ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மணி எல்லாவற்றையும் அதில் எழுதுவார். குலுங்குகிற வண்டியில் காகிதம் பறக்கும், தொடை பறக்காது.

இவர்கள் ஓடுகிற சாலைகளுக்குப் பெயர் கிடையாது. ஆகவே பார்த்த நோயாளிகளை வைத்து இவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். பாம்பு வளைவு. இரட்டைப் பிள்ளைப் பாலம்.* கதவு கழற்றிய வீடு. நிலையத்துச் சுவரில் ரிவர்ஸ் கையால் வரைந்த வரைபடம் ஒன்று ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் நூல் கட்டிய பென்சில். ஒன்பது வருடத்துப் பெயர்கள் அதில் இருக்கின்றன.

* முதல் பிள்ளை பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறந்தது, இரண்டாவது அந்தப் பக்கம். இருவரும் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், யார் பெரியவர் என்று சண்டை போட்டுக்கொண்டு.

இந்த வரைபடத்தில் 'நீலத் தொட்டி' என்றும் ஒரு வீடு உண்டு. மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி. அங்கே மூச்சுத்திணறல் உள்ள பெரியவர் ஒருவர் இருந்தார். மாதம் ஒருமுறையாவது கூப்பிடுவார். போனால், மூச்சு வாங்கிக்கொண்டே, "சாப்டீங்களாப்பா?" என்று இவர்களைத்தான் முதலில் கேட்பார். அந்த வீட்டுக்கு ரிவர்ஸ் கண்ணைக் கட்டிக்கொண்டே போவார்.

அன்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த செய்தி இது: பிரிவு தாண்டி, மாடியில் நீலத் தொட்டி உள்ள வீடு, ஆள் பேச்சு மூச்சில்லை.

ரிவர்ஸ் யோசிக்கவே இல்லை. கை தானாக இடதுபக்கம் ஒடித்தது.

வாசலில் பெரியவரின் மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த துணி நழுவியது. "அண்ணே, அப்பா போய் அம்பது நாளாச்சே," என்றார். அது இவர்களுக்குத் தெரியாது. கூப்பிடாத அந்த நாட்களை, சௌக்கியமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்தான் கை நீட்டி வழி காட்டினார்: "புதுசா இன்னொரு வீட்லயும் நீலத் தொட்டி வச்சிருக்காங்க, பிரிவுக்குத் திரும்பிப் போயி வலதுபக்கம் போங்க."

அந்த இன்னொரு வீடு எங்களுடையது. தொட்டி மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. போனில் 'பள்ளிக்கூடத்துக்கு எதிரே' என்று சொல்லாமல் 'நீலத் தொட்டி' என்று சொன்னவளும் நான்தான்.

4

(கட்டுரைபோல ஆகிவிட்டது. என் கணவரைக் கூப்பிடுகிறேன்.)

வீட்டில் என் முதல் வாசகர் அவர்தான். இப்போது இடது கையால் பக்கம் புரட்டுகிறார், அதனால் மெதுவாகப் படிக்கிறார், அதனால் தப்புகள் நிறையக் கண்ணில் படுகின்றன.

"பேச்சு மூச்சில்லைன்னு போட்டிருக்க. மூச்சு இருந்துச்சே."

"போன்ல பதட்டத்துல சொன்னதுங்க."

"சரி. நாலு நாளா எழுதுற. நேரா போய் அந்த மனுஷன்கிட்ட நன்றின்னு சொன்னா நாலு நிமிஷம்கூட ஆகாது."

"கதையா இருந்தா நல்லா இருக்கும்."

"யாருக்கு?"

அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

டாக்டரிடமும் கேட்டேன், அதையும் எழுதிவிட வேண்டும். அந்த நாலு நிமிடம் போகாமல் இருந்தால் கை பிழைத்திருக்குமா? "சொல்ல முடியாதும்மா," என்றார். "சீக்கிரம் வந்தது பெரிய விஷயம். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லது. எல்லாருக்கும் அப்படித்தான்." நான் எதிர்பார்த்தது 'இல்லவே இல்லை' என்ற ஒரு சொல்லை. அதை வாங்கிக்கொண்டு போய் ரிவர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். டாக்டர் கொடுக்கவில்லை.

5

முடிவு, முதல் வகை: கதையைப் படித்து ரிவர்ஸ் கண் கலங்குகிறார், கடிதத்தைக் கிழிக்கிறார். (கதை படித்து யாராவது வேலை முடிவை மாற்றியதுண்டா? நான் பார்த்ததில்லை.)

இரண்டாம் வகை: வேறொரு நாள், அதே பிரிவு, அவர் சரியாகத் திரும்பி ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார். (இதற்காக இன்னொருவரை நான் நோயில் படுக்க வைக்க வேண்டும். மாட்டேன்.)

மூன்றாம் வகை: ஸ்டோர் அறையில் பேண்டேஜ் கட்டுகளை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். (இதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் பிளாஸ்திரி சொன்னது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "இப்பல்லாம் ஒவ்வொரு பிரிவுலயும் வண்டிய நிறுத்தி, இடதா வலதான்னு என்னக் கேக்குறாருக்கா. கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவாரு, அந்த மனுஷன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.)

மூன்றும் சரியில்லை. ஏனென்றால் மூன்றிலும் நான் இல்லை.

6

சரி. இரண்டாம் தொடக்கத்தில் விட்ட வாக்கியத்தை முடிக்கிறேன்.

பத்து நாற்பதுக்கு முன்னால் நான் எழுதிக்கொண்டிருந்தேன். பத்தேகாலுக்கு என் கணவர் கையிலிருந்து டீக் கோப்பை நழுவி உடைந்தது. "தலை சுத்துது," என்றார். "காலைல சாப்பிடாம இருந்தா சுத்தாம என்ன செய்யும்? படுங்க, சரியாயிடும்," என்றேன். படுக்க வைத்தேன். உடைந்த துண்டுகளைக் கூட்டினேன். தரையைத் துடைத்தேன். ஒரு பாரா மிச்சம் இருந்தது. போய் உட்கார்ந்து அதை முடித்தேன். பிறகு வந்து பார்த்தபோது வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது.

இருபத்தைந்து நிமிடம். இதை யாரிடமும் சொல்லவில்லை. ரிவர்ஸ் தன் நாலு நிமிடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார், நான் என் இருபத்தைந்தை ஒளித்துவைத்துக்கொண்டு அவருக்கு ஆறுதல் கதை எழுதுகிறேன். வெட்கக்கேடு. பேனாவை மூடி வைத்துவிட்டு, "கிளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றேன்.

"எங்க?"

"நாலு நிமிஷம்னு சொன்னீங்கல்ல."

7

சனிக்கிழமை, மணி இரண்டே முக்கால். நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகையும் ஓர் அறையும். ரிவர்ஸ் ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு எழுந்து நின்றார். என் கணவரின் வலது கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், அன்னிக்கு நாலு நிமிஷம்..."

"அண்ணே, இருங்க," என்றேன். "நாலு நிமிஷம் உங்களது. இருபத்தஞ்சு நிமிஷம் என்னது." கோப்பை உடைந்ததில் தொடங்கிப் பாராவரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. கணவர் பக்கம் திரும்ப மட்டும் தைரியம் வரவில்லை.

அவர்தான் பேசினார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"கடிகாரம் என் கண்ணுக்கு நேரா இல்ல மாட்டியிருக்கு? பாத்துக்கிட்டுத்தானே படுத்திருந்தேன். நீ தரை துடைச்சது, உக்காந்து எழுதினது, எல்லாம் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் பாராவாவது நல்லா வந்துச்சா?"

"அடிச்சுட்டேன்."

"அப்ப வீண்தான்," என்றார். ரிவர்ஸைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, நீங்க வரலன்னா இவ எழுதுறத உக்காந்து படிக்க இன்னிக்கு ஆள் கிடையாது. நான் நன்றி சொல்றதா இருக்கேன். வேணாம்னா சொல்லிருங்க, பஸ் செலவு வீண்."

பிளாஸ்திரிதான் முதலில் சிரித்தார். ரிவர்ஸ் சிரிக்கவில்லை. துண்டில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வந்து, என் கணவரின் வலது கையை எடுத்து வைத்துக்கொண்டார். சுண்டுவிரல் அசைந்ததை நானும் பார்த்தேன். வாழ்க்கையில் யார் யாருக்கோ நான் கடன்பட்டிருக்கிறேன், இவர்களுக்குப் பட்டதுபோல் யாருக்கும் இல்லை.

பிறகு ரிவர்ஸ் சுவரருகே போய் வரைபடத்தின் பென்சிலை எடுத்தார். எங்கள் வீட்டை அதில் அவர் இதுவரை குறிக்கவே இல்லை.

"பிரிவுல வலதுபக்கம் திரும்பி, எத்தனாவது வீடு சார்? ஒரு தடவ சரியாச் சொல்லுங்க."

என் கணவர் இடது கையை நீட்டி, கிணறு, பள்ளிக்கூடம், அதற்கு எதிரே நாங்கள் என்று சொல்லச் சொல்ல அவர் கோடு இழுத்தார். ஒரு சின்னத் தொட்டி வரைந்தார். பெயர் எழுதப் பென்சிலை வைத்தபோது போன் அடித்தது. பிளாஸ்திரி எடுத்துக் கேட்டு, தொடையில் எழுதிக்கொண்டே, "பாம்பு வளைவு தாண்டி, பிரசவ வலி," என்றார். ரிவர்ஸ் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வண்டி மூக்கை வெளியே நீட்டித் தயாராகத்தான் நின்றது.

8

இப்போது மணி மூன்று ஐம்பது. நாங்கள் இன்னும் நிலையத்தில்தான் இருக்கிறோம். மேசையில் ரிவர்ஸின் கடிதம் இருக்கிறது. நான்கு மணிக்கு மேனேஜர் வருவார். வண்டி திரும்பவில்லை. கதையின் மிச்சத்தை அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தப்புப் பார்க்கிறார்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். ஒரு பாராவை முடிப்பதற்காக ஒருமுறை காத்திருந்தது போதும். சுவரில் எங்கள் வீட்டுப் படம் இருக்கிறது, பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது, பென்சில் நூலில் தொங்குகிறது. அவர் வந்து எழுதுவார் என்றுதான் நான் நம்புகிறேன். எழுதாமல் போனால், வாசிக்கிற நீங்கள் யாராவது எழுதிவிடுங்கள். வலதுபக்கம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே.