நாற்பத்தோராவது போன்

மருந்துக் கணக்கில் பிழை என்று தெரிந்ததும் நபுகீரா செய்த முதல் காரியம், சர்வரில் அதன் ஃப்ளாகை அணைத்தது. ஃப்ளாக் என்றால் பெரிய மந்திரமில்லை, சுவிட்ச்தான். தீவுகளில் இருக்கும் நர்சுகள் போனில் செயலியைத் திறந்ததும், அது கம்பாலாவில் உள்ள சர்வரிடம் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று கேட்கும். பதில் வராவிட்டால் கடைசியாகக் கிடைத்த பதிலையே பிடித்துக்கொள்ளும். அப்படி எழுதியவளும் நபுகீராதான். எழுதியபோது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

பிழை சின்னதில்லை. ஐந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தை இரண்டு மடங்காகக் காட்டியது.

மதியத்துக்குள் நாற்பது போன்கள் கேட்டுத் திருந்திவிட்டன. சிஸ்டர் அச்செங்கின் போன் மட்டும் கேட்கவே இல்லை. அவர் தீவில் போனில் பேச மட்டும்தான் முடியும். இன்டர்நெட் வேண்டுமென்றால் படகுத்துறைக்கு வர வேண்டும்.

"சாயங்காலம் துறைக்கு வருவாங்க, தானா மாறிடும். ஏன் இப்படிப் பறக்கறே?" என்றான் பக்கத்து மேசை வஸ்வா, முட்டைச் சப்பாத்தியை மென்றபடி.

"உன் பிள்ளையா இருந்தா இப்படி மென்னுட்டு இருப்பியா?"

நான்காவது முறைதான் சிஸ்டர் போனை எடுத்தார்.

"சிஸ்டர், கம்பாலா ஆபீஸ்லேர்ந்து நபுகீரா. இன்னிக்கு அஞ்சு கிலோவுக்குள்ள ஏதாவது குழந்தை வந்துதா?"

"ஒண்ணு வந்துது. நாலு கிலோ. நல்ல காய்ச்சல். உங்க மிஷின் அஞ்சு மில்லின்னுது, அப்படியே எழுதிட்டேன்."

நபுகீரா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"குடுத்துட்டீங்களா?"

"எதைக் குடுக்க? அப்போ பாட்டில் காலி, ஆறு நாளா. எழுதலைன்னா உங்க ஃபாரம் அடுத்த பக்கம் போக மாட்டேங்குதே!"

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு தீவில் மருந்து இல்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெட்கமாகவும் இருந்தது.

"நல்ல வேளையாக் கூப்பிட்டே மகளே," என்றார் சிஸ்டர். "காலைல வர வேண்டிய படகு இப்பத்தான் மருந்தோட வந்துது. ஊத்தி வெச்சுட்டேன். குழந்தை அம்மா மடியில வாயைத் திறந்துட்டு இருக்கு. அஞ்சு மில்லிதானே?"

"ரெண்டரை!" என்று நபுகீரா கத்திய கத்தலில் ஆபீஸ் முழுக்கத் திரும்பியது. "ரெண்டரை, சிஸ்டர்! கணக்கு என் தப்பு. பாதியைக் கீழே ஊத்துங்க!"

மறுமுனையில் குழந்தை வீரிட்டு அழுவது கேட்டது.

"ஊத்திட்டேன்," என்றார் சிஸ்டர். "கீழே."