மூன்று நிமிடத்தில் உரிந்த செல்கள்

மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், செல் வளர்ப்பு அறையில், ஒரு குடுவையின் அடியில் ஒட்டியிருந்த செல்கள் மூன்று நிமிடத்தில் உரிந்து வந்தன. எட்டு நிமிடம் ஆகியிருக்க வேண்டும்.

அவை பஸ் பணிமனை மெக்கானிக் ஒருவரின் செல்கள். ஜனவரியில் பேட்டரி வெடித்து வலது கண்ணில் அமிலம் தெறித்தது. நல்ல கண்ணான இடது கண்ணின் ஓரத்திலிருந்து அரிசியில் பாதியளவு திசுவை வெட்டியெடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பெருக்கி, வலது கண்ணில் ஒட்டுவதாக ஏற்பாடு.

ஆய்வக உதவியாளருக்கு அந்த அறையில் பத்தொன்பது வருட அனுபவம். முன்பெல்லாம் செல்களுக்குக் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம்தான் சாப்பாடு. குடுவையிலிருந்து செல்களை உரிக்கப் பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதி. மிருகத்தின் புரதமோ கிருமியோ மனிதக் கண்ணுக்குள் போய்விடக்கூடாது என்று இரண்டு வருடங்களாக இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது நோயாளியின் சொந்த ரத்த சீரம். மிருகச் சரக்கில்லாமல் தயாரித்த நொதி. புதிய நொதி நிதானமாகத்தான் வேலை செய்யும்.

அவர் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தார். பயிற்சிக்கென்று வைத்திருந்த பழைய நொதி பாட்டிலின் இடம் காலியாக இருந்தது. அது அவர் மேசையில் இருந்தது. பத்தொன்பது வருடம் போன இடத்துக்கே கை போயிருந்தது.

அறையில் வேறு யாருமில்லை. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் உருண்டையாக, பளபளவென்று இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; இதை மறைக்கச் சோறுகூடத் தேவையில்லை. அவர் மூடியைத் திருகிவிட்டு, ஆய்வகத் தலைவியை போனில் அழைத்தார்.

"டாக்டர், பழைய பாட்டில எடுத்துட்டேன்."

"எத்தனை குடுவைக்கு?"

"ஒண்ணுக்கு. நல்லா வளர்ந்ததுக்கு."

உதவியாளர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கழுவினா போயிடாதா டாக்டர்?"

"போயிடும்னு நீயும் நானும் சொல்லிக்கலாம்மா. எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? கொட்டிடு. பேஷண்ட்கிட்ட நான் சொல்லவா?"

"வேணாம். நானே சொல்றேன்."

மிச்சமிருந்த இன்னொரு குடுவையில் தேவையானதில் பாதி செல்கள்கூட இல்லை. அது வளராவிட்டால், அந்த மனிதருக்குப் பார்வையுள்ள ஒரே கண்ணில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். வளர்வதென்றால் இன்னும் ஒன்பது நாள் சாப்பாடு வேண்டும். அதற்கு ரத்தம் வேண்டும்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். கூடவே அவர் மனைவியின் தம்பி. உதவியாளர் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

"பன்னியா?" என்றான் மைத்துனன். "ஏங்க, இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பாட்டில பாத்து எடுக்கத் தெரியாதா?"

"நீ சும்மா இரு மாப்ள." மெக்கானிக், ஆய்வக உதவியாளரின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இது வேற யாருக்கும் தெரியுமா மேடம்?"

"நான் சொன்னதுக்கு அப்புறம் டாக்டருக்குத் தெரியும்."

"சொல்லலன்னா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் தலையாட்டினார். "நானும் ஒருதடவை பிரேக்குக்குத் தப்பான ஆயில ஊத்திட்டேன். வண்டி கேட் வரைக்கும் போயிடுச்சு. ஓடிப்போய் நிறுத்தினேன். அன்னிக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. சொன்னீங்களே, ரொம்ப நன்றிங்க."

தப்புக்குத் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்த உதவியாளர், நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். மெக்கானிக்குக்கு ரத்தம் குறைவு. மறுபடி எடுக்க முடியாது. பரிசோதித்த வேறொருவர் ரத்தமும் ஆகும் என்று உதவியாளர் சொன்னார். இரண்டு பேரும் மைத்துனனைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஊசின்னா ஆகாது," என்றான் அவன்.

"மாமாவுக்காக உயிரையே தருவேன்னு நேத்து சொன்னியேடா?"

"உயிர் வேற மாமா, ஊசி வேற."

ஆனாலும் சட்டைக் கையை மடித்துவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பை கொடுத்தான். எழுந்தபோது தள்ளாடியவனை மெக்கானிக்தான் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. அன்று மாலையே சீரம் பிரித்தார்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆய்வகத்துக்கு அவன் போன் வரும்.

"என் பசங்க சாப்பிட்டாங்களா மேடம்?"

"சாப்பிட்டாச்சு. ரெண்டு மடங்கு ஆயிட்டாங்க."

"வளரட்டும், வளரட்டும். கடைசில மாமா என் கண்ணால தானே என்னையே முறைக்கப் போறாரு!"

உதவியாளர் போனை வைப்பதற்கு முன் ஒவ்வொரு நாளும் அவனுக்கு நன்றி சொன்னார். பழைய பாட்டிலை அவர் முதல் நாளே கீழ்மாடிப் பயிற்சி அறைக்கு அனுப்பியிருந்தார்.

மார்ச் 18 அன்று செல்கள் போதுமான அளவுக்கு நிரம்பின. மறுநாள் வலது கண்ணில் ஒட்டினார்கள். ஜூன் மாதப் பரிசோதனையில் மெக்கானிக் அந்தக் கண்ணால் எழுத்துப் பலகையின் ஐந்தாவது வரி வரை படித்தார். இடது கண்ணில் மறுபடி கத்தி வைக்கவில்லை.