இஸ்மே சொன்ன கனவு

செத்தவர்கள் பசியோடு கனவில் வருவது லெஸ்டேர் என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் புது விஷயம் இல்லை. யாருடைய கனவில் வந்தார்கள் என்பதில்தான் சில சமயம் வம்பு வந்துவிடும்.

தியோஃபில் செத்து மூன்று வருஷமாகியிருந்தது. அவருடைய கல்லறைக்குக் கல் வைக்கும் விருந்து அந்தச் சனிக்கிழமை. புரூக்லினில் இருக்கும் மகன் ஏற்பாடு செய்த கல் வந்து சேர்ந்து, வெள்ளைத் துணி போர்த்திப் படுக்கையறையில் கிடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவர் மனைவி யூலீனாவின் முற்றத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தார்கள். விருந்துக்கு வாங்கிய ஆடுகள் வேலியோரம் கட்டிக் கிடந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

எதிர்மேட்டில் தனியாக இருக்கும் இஸ்மே வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், அதிகம் பேசாதவள். முறத்தை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

"யூலீனாக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம வச்சுக்கிட்டா எனக்குத்தான் கேடு."

"சொல்லேன், என்ன புதிர் போடுற?"

"தியோஃபில் வந்தாரு, கனவுல. பசிக்குதுன்னாரு. தட்டுல என் கைச் சோறும் இருக்கணும்னாரு."

துவரை உரித்த கைகள் அத்தனையும் நின்றுவிட்டன. இஸ்மே சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, வந்த வழியே மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

விருந்தன்று உள்ளறை மேஜையில் வெள்ளை விரிப்புப் போட்டு, செத்தவருக்கென்று ஒரு தட்டு வைத்துக் கதவைச் சாத்துவார்கள். அதில் என்ன வைப்பது என்பது வீட்டுக்காரியின் பாடு. ஆனால் செத்தவரே கனவில் வந்து கேட்டுவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. வைக்காமல் விட்டால், அப்புறம் ஊரில் ஒரு படகு தரைதட்டினாலும் ஓர் ஆட்டுக்குக் கால் ஒடிந்தாலும் பழி அந்த வீட்டுக்காரியின் தலையில்தான். கனவு நிஜமா என்று யாரும் கேட்பதும் இல்லை. கனவைப் பொய்யாகச் சொல்லும் துணிச்சல்காரி இந்தத் தீவிலேயே கிடையாது என்பது எல்லோருடைய நம்பிக்கை.

தியோஃபிலின் தங்கை மெர்லின்தான் முதலில் வாயைத் திறந்தாள். நல்ல வார்த்தை வரும் வாய் இல்லை அது.

"பாத்தியா அண்ணி, எங்கண்ணனுக்கு வழி தப்பிருச்சு போல. இந்த வீட்டுக் கதவு திறந்துதானே கெடக்கு?"

"வழி தப்பலையோ என்னமோ! பழகின வழியா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. முறத்துக்குள் குனிந்து எல்லோரும் சிரித்தார்கள்.

யூலீனாவும் சிரித்து வைத்தாள். மூன்று வருஷமாக, அவர் வந்தால் குடிக்கட்டும் என்று அவள் தலைமாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுக்கிறாள். ஒருநாள், ஒரே ஒருநாள் அந்த மனுஷன் அவள் கனவில் எட்டிப் பார்த்ததில்லை. என்ன கோபமோ என்று சர்ச்சில் போய் அழுதுகூட இருக்கிறாள். இப்போது பார்த்தால் பசிக்கிறது என்று மேடேறிப் போயிருக்கிறார். அதுவும் "உன் கைச் சோறு" என்று கேட்டிருக்கிறார். ருசி தெரியாமலா கேட்பார்?

கல்யாணத்துக்கு முன்னால் தியோஃபிலுக்கும் இஸ்மேக்கும் ஒரு பேச்சு இருந்தது ஊரறிந்ததுதான். சொந்தப் படகு இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று இஸ்மேயின் அப்பா துரத்திவிட்டார். அது பழைய கதை என்றுதான் யூலீனா இத்தனை காலம் நினைத்திருந்தாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. படகுப் பட்டறையில் இருந்தேன் என்று சொல்லி அவர் இருட்டிய பிறகு வீடு வந்த சாயங்காலங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பட்டறைக்குப் போகிற பாதையும் அந்த மேட்டு வழியாகத்தான் போகிறது. கல்லும் வேண்டாம் விருந்தும் வேண்டாம் என்று ஆடுகளை அவிழ்த்து விட்டுவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து நேராக மேட்டுக்குப் போனாள். இஸ்மே அடுப்படியில் இருந்தாள்.

"எத்தனை வருஷமாடி நடந்துச்சு?"

"எது?"

"எதுன்னு கேக்காத. கேட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும். உன் கைச் சோறு தின்னு பழகாத மனுஷன் செத்தப்பறம் வந்து கேப்பாரா?"

"கனவுதானேக்கா. நானா போய்க் கூப்பிட்டேன்?"

"சரி, கனவுதான். எப்படி வந்தாரு? என்ன வேணும்னாரு? ஒண்ணு விடாம சொல்லு."

இஸ்மே அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வேலி மேல ஏறி உக்காந்திருந்தாரு. கையில சுட்ட சோளக்கதிர். பேசிக்கிட்டே கடிச்சுக் கடிச்சுத் தின்னாரு. பல்லு பூரா கரி. அதோடயே வாய் நிறையச் சிரிச்சாரு. உன்ன மாதிரி சோளம் சுட ஆளே இல்ல இஸ்மேன்னாரு. அதைத்தான் தட்டுல வைக்கச் சொன்னாரு."

கத்துவதற்கு வாயைத் திறந்த யூலீனா அப்படியே நின்றாள்.

கல்யாணமான மறுவருஷம், கிரெனடாவுக்குப் போகும் வழியில், படகுப் பாயின் அடிக்கழி சுழன்று வந்து தியோஃபிலின் வாயில் அடித்தது. மேலும் கீழும் பற்கள் கொட்டிப் போயின. டிரினிடாடில் மாதக்கணக்கில் தங்கி, பல்செட் கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். ஊர் பார்த்தது அந்தப் பல்லைத்தான். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிடுவார். அது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பிறத்தியார் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதையும் தொட மாட்டார். விருந்துகளில்கூடத் தட்டை மூடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கர்வம் பிடித்தவன் என்று ஊர் சொல்லிற்று. கூடப் பிறந்த மெர்லினுக்கே தெரியாது. மீனுக்கு முள்ளெடுத்து, களியைக் குழம்பில் குழைத்து, துவரையை நசுக்கி, ஆட்டுக்கறியை நார் நாராகப் பிய்த்து, சாகிற நாள் வரை அந்த வாய்க்குப் பார்த்துப் பார்த்துப் போட்டவள் யூலீனா.

பல்செட் கட்டிய பிறகு இஸ்மே கையால் ஒரு வாய் தின்றிருந்தால்கூட, இவள் சொல்கிற தியோஃபில் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

யூலீனா அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க்கா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ அவருக்குக் கடைசியா எப்போடி சோளம் சுட்டுக் குடுத்த?"

இஸ்மே வேலிப் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா துரத்தி விட்டாரே, அதுக்கு முந்தின வாரம். இதே வேலியிலதான் உக்காந்திருந்தாரு." பிறகு, "கனவு எதுவும் வரலக்கா" என்றாள்.

யூலீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொய்யா சொன்ன? செத்தவர் பேரச் சொல்லி?"

"வேற என்ன பண்ணட்டும்? விருந்துக்கு ஊரே வருது. தெருநாய்கூட எலும்பு கவ்விட்டுப் போகும். அவரு தட்டுல ஒரு கதிர் வைக்க நான் யாரு? கனவுன்னா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அதான் சொன்னேன். நீ போய் எல்லார்கிட்டயும் சொல்லிக்கோ."

சொல்லலாம்தான். மெர்லின் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும், அப்புறம் இஸ்மே தண்ணீர் எடுக்கக்கூட வெளியே வர முடியாது. யூலீனா கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அவர் தன் கனவுக்கும் வரவில்லை, இவள் கனவுக்கும் வரவில்லை. அதில் ஆறுதல் படுவது கேவலம்தான். ஆனாலும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"நாளைக்குக் கதிரோட வா. வேற யார்கிட்டயும் வாயத் திறந்துராத" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சனிக்கிழமை கல்லுக்கு ரம் தெளித்துக் கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள். முற்றத்தில் பெரிய இரும்புச் சட்டிகளில் சோளமாவுக் களி கொதித்தது. இரண்டு பெண்கள் துடுப்புப் போட்டுக் கிண்டினார்கள், மற்றவர்கள் சூடு ஆறுமுன் உருண்டை பிடித்தார்கள். கல் வைத்துவிட்டு ஆட்கள் திரும்பி வரும்போது, இஸ்மே துணியில் சுற்றிய கதிரோடு வந்து வாசலில் நின்றாள்.

"வந்தாச்சா? எங்கண்ணன் அப்படி என்னதான் கேட்டான், காட்டு பாப்போம்" என்று மெர்லின் கூடவே நுழையப் பார்த்தாள்.

"நீ போய் ஆட்டுச்சட்டியப் பாரு, அடிப்பிடிக்குது" என்று சொல்லி, யூலீனா இஸ்மேயை மட்டும் உள்ளறைக்குள் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வெள்ளை விரிப்பில் தட்டு தயாராக இருந்தது. இஸ்மே துணியைப் பிரித்தாள். சுட்ட வாசனை அறை முழுக்கப் பரவிற்று. கதிரை முழுசாகத் தட்டில் வைக்கப் போனவளின் கையை யூலீனா பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே வச்சா அவரால திங்க முடியாது."

"ஏன்?"

யூலீனா சொன்னாள். கழி அடித்தது, டிரினிடாட், கிண்ணத்தில் போடும் பல்செட் எல்லாவற்றையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஊரில் இன்னொருத்தருக்கு அவள் இதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. இஸ்மே கதிரைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் கடைசியில். கண் கலங்கியிருந்தது. "நான் பாட்டுக்கு இத்தனை வருஷமா அவரச் சொந்தப் பல்லோடல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

யூலீனா அலமாரிக்கு அடியிலிருந்து சின்ன மர உரலையும் உலக்கையையும் எடுத்து அவள் முன்னால் வைத்தாள். அவருக்கென்றே இருந்த உரல் அது. தேங்காய்ப்பாலும் ஒரு குவளையில் கொண்டுவந்தாள்.

இஸ்மே கீழே உட்கார்ந்து கதிரை உதிர்த்துப் போட்டு இடித்தாள். கரி அவள் விரலெல்லாம் ஒட்டியது. கண்ணீரைப் புறங்கையால் துடைக்கப் போய்க் கன்னத்திலும் ஒட்டியது. யூலீனா பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை ஊற்றி, விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் நசுக்குடி. கட்டி தட்டுப்பட்டா திட்டுவாரு. இனிமே உன்னையும் சேர்த்து."