கம்பத்தைச் சுற்றிப் பதினைந்து அடி

டார்லின் குளியலறை நிலைப்படியருகே மண்டியிட்டு, கருப்பு ஸ்பாஞ்சு உறையைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்துகொண்டிருந்தாள். குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க மாட்டுகிற உறை அது. பிளந்து விரித்தால் கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கச்சிதமாகக் கவ்விக்கொள்ளும். விடியற்காலையில் அப்பா மறுபடியும் இங்கேதான் முட்டிக்கொண்டார். பழைய உறை நைந்துபோயிருந்தது. இடது புருவத்துக்கு மேலே கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்துவிட்டது.

அப்பாவுக்கு இடப்பக்கம் எதுவும் தெரியாது. அது முப்பத்தேழு வருஷக் கதை. மறதி நோய் வந்து, இடப்பக்கம் தெரியாது என்பதே மறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் அவள் சமையலறைக் கதவு, வாசல் கதவு, ஃப்ரிட்ஜின் முனை, சாப்பாட்டு மேசையின் நான்கு மூலை எல்லாவற்றுக்கும் உறை போட்டு முடித்திருந்தாள்.

ஒரே ஒரு கதவு மட்டும் வெறுமனே இருந்தது. சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் இருக்கும் அவருடைய படுக்கையறைக் கதவு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அதன் வழியாகப் போய் வருவார். வரும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வருவார், சரி. போகும்போதும் ஒரு தடவைகூட முட்டியதில்லை. அதற்குக் காரணம் அவளுக்குப் பிடிபடவே இல்லை. அகலத்தை அளந்து பார்த்திருக்கிறாள், மற்றக் கதவுகளின் அதே அகலம். வெளிச்சமும் அங்கேதான் குறைவு. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கதவில்தான் அவர் அதிகம் முட்டியிருக்க வேண்டும். சட்டத்தில் பெயின்ட்கூட உரியவில்லை.

"அந்தக் கதவுல மட்டும் ஏம்ப்பா முட்டிக்க மாட்டேங்கற?"

வரவேற்பறை நாற்காலியிலிருந்து மைலோ சபோல் சொன்னார்: "அது மரியாதை தெரிஞ்ச கதவு."

மத்தியானம் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் ஓடியது. பந்து வீசுகிறவனை அவர் திட்டிக்கொண்டே இருந்தார். டார்லின் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணி அடுத்தடுத்து நான்கு ஓட்டம் எடுத்தது. திட்டு வரவில்லை. பாதி சீவிய கிழங்கைக் கையில் பிடித்தபடியே போய்ப் பார்த்தாள்.

*

மறுநாள் காலையிலிருந்தே சாவு வீட்டுக்கு ஊர் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தது. முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸ், வால்நட் ரொட்டிச் சுருள், கண்ணாடித் தட்டுகளில் வேகவைத்த இறைச்சி. ஒவ்வொரு தட்டின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டி, சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தது. திருப்பித் தர வேண்டுமே. ஃப்ரிட்ஜ் நிரம்பியதும் ஓல்கா அத்தை மிச்சத்தைப் பின்னறைக்கு அனுப்பினாள். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். ஓல்கா, மைலோவுக்கு மூத்த அக்கா. நேற்றிலிருந்து அழவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு கார்ல் எப்லிங் வந்தார். ஊர் பேஸ்பால் சங்கத்தின் தலைவர். அவருக்கு முன் அவருடைய அப்பா தலைவராக இருந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார். கண் நிஜமாகவே சிவந்திருந்தது.

"மைலோ மாதிரி ஒருத்தன் இனிமே பொறக்க மாட்டான், டார்லி."

"பொறக்காததே நல்லது," என்றாள் ஓல்கா. "ஒவ்வொருத்தனுக்கும் நீங்க ஒரு கம்பம் நட வேண்டியிருக்கும்."

கார்ல் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கில்ன் க்ரீக் ஊரில் மைலோவின் கம்பத்தைப் பற்றி யார் பேசினாலும் மற்றவர்கள் சிரிப்பார்கள். பழக்கம்.

ஊர் பேஸ்பால் மைதானமே கோணல்மாணல்தான். இடது மூலையில் டிராக்டர் கொட்டகை ஆடுகளத்துக்குள்ளேயே நிற்கிறது. வலது பக்கம் ஓடைக் குழாயின் வாய் புல்லுக்குள் திறந்திருக்கிறது. நடுவில், வேலிக்கு இருபது அடி முன்னால், தொடை கனத்துக்கு இரும்புக் கொடிக்கம்பம். நுழைவாயில் பலகையில் விதிகள் எழுதியிருக்கின்றன. குழாய்க்குள் பந்து போனால் அடித்தவன் இரண்டு தளம் முன்னேறலாம். கொட்டகைக் கூரையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும். கம்பத்தில் பட்டாலும் ஆட்டம் தொடரும். கம்பத்தின் அடியில் போரில் செத்த முப்பத்தோரு பேரின் பெயர்கள் பித்தளையில் இருப்பதால் அதைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். 1974 மே மாதம், வருஷத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தில், வானத்தில் வந்த பந்தைப் பிடிக்க, அதையே பார்த்தபடி பின்னால் ஓடிய மைலோ முழு வேகத்தில் அந்தக் கம்பத்தில் மோதினார். இரண்டு நாள் நினைவில்லை. எழுந்தபோது உலகத்தின் இடது பாதி போய்விட்டிருந்தது. அவர் வேலை பார்த்த செங்கல் ஆலையில் சூளைப் பக்கமே விடாமல், கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே சங்கம் ஒரு சட்டை அச்சடித்தது: ஒருவன் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருப்பான், தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் பறக்கும். இன்றைக்கும் விற்கிறது.

கார்ல் ஒரு காகிதத்தை விரித்தார். "அடுத்த சனிக்கிழமை முதல் ஆட்டம். கம்பத்துல நெஞ்சு உயரத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. 'மைலோவின் கம்பம்'னு. கீழ அந்தப் படம். ஆட்டத்துக்கு முன்னாடி சனம் வரிசையா வந்து நெத்தியால லேசா ஒரு முட்டு முட்டிட்டுப் போகும். அன்பாத்தான், டார்லி. நீ அந்தச் சுத்துப்புறத்த மட்டும் நறுவிசா வெட்டி வை, எப்பவும் போல."

டார்லின்தான் இருபது வருஷமாக அந்த மைதானத்தைப் பராமரிக்கிறாள்.

"நீ முதல்ல முட்டு, கார்ல்," என்றாள். "லேசா இல்ல. பந்தடிக்கிற இடத்துலேர்ந்து ஓடி வந்து முட்டு."

"கோவப்படாத. உங்கப்பாவே சட்டையில கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரே."

அது உண்மை. ஒரு பீர் வாங்கிக் கொடுத்தால் போதும், சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுப்பார். 'கம்பம்தான் ஜெயிச்சுது' என்று தானே சொல்வார். ஏன் மோதினாய் என்று அவள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: 'கவனிக்கல. என் தப்பு.'

"எங்கப்பா மட்டும் என்ன குறை வச்சாரு?" என்றார் கார்ல். "கம்பத்தைச் சுத்தி அப்ப பெரிய மேடு. ஓடறவன்லாம் இடறி விழறான்னு, அதுக்கு முந்தின குளிர்காலத்துலதான் அதை வெட்டிச் சமமாக்கினாரு. கேரம் போர்டு மாதிரி தரை. மேட்டுல எட்டு வருஷம் ஆடினப்ப மைலோவுக்கு ஒரு கீறல் இல்ல. வழவழன்னு ஆக்கிக் குடுத்ததும் முதல் ஆட்டத்துலயே போய் மோதறாரு! எங்கப்பா சாகறவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"இதைப் பிடிடீ," என்று ஓல்கா சூடான தட்டு ஒன்றை டார்லினின் கையில் திணித்தாள். "இல்லேன்னா அந்தாள் தலையில போட்டுருவ."

விளிம்புவரை சாறு தளும்பியது. டார்லின் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சமையலறையைக் கடந்து பின்னறைக்கு நடந்தாள். கார்லுக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனவள், எதற்கென்று தெரியாமல் நின்றாள்.

கதவு ஒரு எட்டு முன்னால் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கால் தானாகவே எட்டைச் சுருக்கி நிறுத்தியிருந்தது.

தட்டைத் தரையில் வைத்தாள். திரும்ப அடுப்புவரை போனாள். கூரையைப் பார்த்தபடி மறுபடியும் நடந்தாள். அதே இடம். மூன்றாம் முறை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். அதே இடம்.

வீட்டுக் கொட்டகையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தபோது குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கியது. வீடு மலைச் சரிவில் கட்டியது. பின்னறை பிற்பாடு சேர்த்தது. சமையலறை அஸ்திவாரம் மட்டும் காலப்போக்கில் இறங்கிவிட்டது. கதவுக்கு முன்னால் கடைசி நான்கு அடியில் தரை இரண்டு அங்குலம் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஏற்றத்தில் பாதம் நினைத்ததைவிடக் கொஞ்சம் முன்னதாகவே தரையைத் தொட்டுவிடும். கெண்டைக்கால் இறுகும், எட்டு சுருங்கும், உடம்பு தயங்கும். தலைக்கு எதுவும் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. ஒன்பது வருஷமாக அப்பாவை அந்தக் கதவில் முட்டாமல் காப்பாற்றியது அந்த இரண்டு அங்குலம்.

வானத்தைப் பார்த்து ஓடுகிறவனுக்கும் கால்தானே கண்.

அவள் வரவேற்பறைக்கு வந்தாள். கார்ல் ரொட்டிச் சுருளைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேடு எங்கேர்ந்து ஆரம்பிச்சுது?"

"எந்த... கம்பத்துக்கு ஒரு பதினஞ்சு அடி முன்னாடிலேர்ந்து. மெல்ல ஏறி, கம்பத்துக்கிட்ட மூணு அடி உசரம் இருக்கும். எதுக்கு?"

"எட்டு வருஷம் அந்த மேடுதான் அவருக்குச் சொல்லிட்டிருந்துது, கார்ல். கால்ல ஏத்தம் பட்டதும் 'கம்பம் வந்துடுச்சு, திரும்பு'ன்னு. உங்கப்பா அதை வெட்டி எடுத்துட்டாரு. கம்பத்தை அப்படியே விட்டுட்டாரு."

கார்ல் மெல்லுவதை நிறுத்தினார். "அவருக்குத்தான் தெரியுமே, வெட்டினது. எல்லாரும்தான் பாத்தோம்."

"தலைக்குத் தெரியும். கால்கிட்ட யார் சொன்னது?"

"எங்கப்பா நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான். அப்புறம் முப்பத்தாறு வருஷம் சட்டை வித்தீங்க."

கார்ல் எழுந்தார். முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. "சாவு வீடாச்சேன்னு பாக்கறேன். செத்துப்போன எங்கப்பா மேல பழி போடாத." காகிதத்தைச் சுருட்டாமலே எடுத்துக்கொண்டு போனார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஓல்கா பிளாஸ்திரிச் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ என் தம்பி கவனிக்காம மோதல," என்றாள்.

"இல்ல அத்தை."

"அவன் அப்படித்தான் நெனச்சுக்கிட்டே போயிட்டான்."

இருபது வருஷமாகக் கம்பத்தின் அடியில் மண்டியிட்டு, இயந்திரம் போகாத இடத்தில் கத்தரிக்கோலால் புல்லை நறுக்கியது டார்லின்தான். பித்தளைவரை ஒரே பச்சை, ஒரே மட்டம், எங்கே கம்பம் தொடங்குகிறது என்று பாதத்துக்குத் தெரியாதபடி. அந்த வேலையைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

*

திங்கட்கிழமை அடக்கம். கார்ல் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனார். அவள் கை கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் புல்தரை வெட்டும் இயந்திரத்தைக் கம்பத்தருகே கொண்டுபோனாள். ஓல்கா தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, மிஞ்சிய ரொட்டிச் சுருளைத் தின்றபடி பார்த்தாள்.

"மேட்டையே திரும்பப் போடப்போறியா?"

"மேடு இடறும். கார்லோட அப்பா அதுல பொய் சொல்லல. தரை சொல்லணும், ஆனா தள்ளிவிடக் கூடாது."

மூடிக்கிடந்த செங்கல் ஆலைக்குப் பின்னால் உடைந்த செங்கல் மலையாகக் கிடந்தது. அதை நொறுக்கிப் போட்டால் புல்லைவிடக் கடினமாக இருக்கும். காலடியில் நெறுநெறுவென்று சத்தமும் போடும். முதலில் கம்பத்தைச் சுற்றி ஆறு அடிக்குப் புல்லை உரித்து, செங்கல் பரப்பினாள். எழுபது அடி தள்ளிப் போய் நின்று, மேகத்தைப் பார்த்தபடி ஓடிவந்தாள். நெறுக் என்றது. அதே நொடியில் தோள் கம்பத்தில் இடித்தது. புல்லில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினாள். தன் அப்பாவைத்தான் திட்டினாள்.

"உனக்கு நாப்பத்தொரு வயசு," என்றாள் ஓல்கா. "குடும்பத்துக்கே அந்தக் கம்பத்து மேல ஒரு கண்ணு."

புதன்கிழமை பத்து அடி. இந்த முறை தோள் படவில்லை. நிற்க முடியாமல் இரண்டு உள்ளங்கையும் இரும்பில் அறைந்தன. வலி பல்வரை ஏறியது.

அன்று சாயங்காலம் கார்ல் வந்தார். காரை விட்டு இறங்கும்போதே கத்தினார்: "யாரைக் கேட்டு வெட்டின? படத்துல கம்பம் பச்சைக்கு நடுவுல நிக்கணும்! நாளைக்கு தகடு வருது!"

"மேகத்தப் பாத்துக்கிட்டு ஓடி வா, கார்ல். அந்தக் கொட்டகைலேர்ந்து. அப்புறம் கத்து."

"எனக்கு அறுபத்திரண்டு வயசு."

"அன்னிக்கு அப்பாவுக்கு இருபத்தெட்டு."

கார்ல் அவளுடைய உள்ளங்கைகளைப் பார்த்தார். தோல் கிழிந்திருந்தது. செங்கல் வளையத்தின் விளிம்புக்குப் போய், ஒரு காலைப் புல்லிலும் ஒரு காலைச் செங்கலிலும் வைத்து, கொஞ்ச நேரம் மாறி மாறி மிதித்துப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை சங்கத்தின் மண் லாரி வந்தது. கார்ல்தான் ஓட்டி வந்தார். நொறுக்கிய செங்கலைக் கொட்டிவிட்டு, இறங்காமலே திருப்பிக்கொண்டு போனார். அவள் நன்றி சொல்லவில்லை. தகடு வரவில்லை. சட்டைகள் கடையில் இன்னும் தொங்கின.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் மங்குவதற்குள் கடைசி வண்டிச் செங்கலை நிரவி, உருளையை ஓட்டி முடித்தாள். பிறகு எழுபது அடி தள்ளிப் போய், முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கம்பத்தைப் பார்த்து ஓடினாள். ஓல்கா தின்பதை நிறுத்தினாள். நெறுக், நெறுக், நெறுக். டார்லின் நின்றாள். கம்பம் ஒரு கை நீளத்தில் இருந்தது.

கம்பத்தைச் சுற்றிப் பதினைந்து அடி. இரண்டு அங்குல ஆழத்துக்கு நொறுக்கிய செங்கல், புல்லோடு ஒரே மட்டம். ஓடி வருகிறவனுக்கு அதில் மூன்று எட்டு கிடைக்கிறது. முதல் எட்டில் காலுக்குத் தெரிகிறது, இரண்டாவதில் கண் கீழே இறங்குகிறது, மூன்றாவதில் தோள் திரும்பிவிடுகிறது.