டெராவில் ஒரு வாரம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மிட்டாய்க் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, உல்ரிக் தன் மகளின் போனைச் சமையலறை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு ஊசியால் சிம் தட்டை வெளியே எடுத்தான். பக்கத்தில் புதுப் போன் அதன் பெட்டியிலேயே இருந்தது. தேவாலயத்தில் பதின்வயதினருக்குச் செய்யும் திடப்படுத்தல் சடங்கு முடிந்தபோது விக்காவுக்கு அவன் கொடுத்த பரிசு அது. ஒரு மாதமாக அவள் அதைத் திறக்கவில்லை. பழையது ஓரின், புதியது அதன் போட்டிக் கம்பெனியான டெரா. அந்த வீட்டில் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"ஒரே ஒரு வாரம்தான்ப்பா. அப்புறம் நீ வாயே தொறக்கக் கூடாது," என்றாள் விக்கா, வாய் நிறைய மிட்டாயோடு.

"தொறக்க மாட்டேன். ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை நீயே வந்து, 'இதையே வச்சுக்கறேன்'னு சொல்லப்போற, பாரு."

"கனவு காணு."

உல்ரிக் சிரித்தான். நகராட்சியின் கணினி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன் அவன். ஓய்வு நேரமெல்லாம் டெரா ரசிகர்களின் இணைய மன்றத்தில்தான் கழியும். அங்கே ஓரின்காரர்களுக்கு ஆட்டுமந்தை என்று பெயர். ஓரின்காரர்கள் இவர்களைப் பஞ்சப் பரதேசிகள் என்பார்கள். வளர்ந்த ஆட்கள், வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், கையடக்கமான ஒரு சாமானுக்காக இப்படி அடித்துக்கொள்வதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் உல்ரிக்குக்கு அதில் விளையாட்டே கிடையாது. விவாகரத்துக்குப் பிறகு விக்காவின் அம்மா டோர்தே குடிபோன புது வீட்டில் விளக்கு, கதவுப் பூட்டு, எடைபார்க்கும் கருவிவரை எல்லாமே ஓரின். விக்கா ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. இங்கே இருக்கும் வாரத்திலும் அந்தப் போன் வழியாக அந்த வீடு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது அவள் குனிந்து சிரிப்பாள், என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். டோர்தே பேச்சு வந்தால் அவன் எழுந்து போய்விடுவான். போனைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

ஓரினில் ஒரு சங்கதி உண்டு. ஓரின் போன்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பத் தனி வழி வைத்திருக்கின்றன. சிம்மைக் கழற்றினாலும், அமைப்பில் ஒரு பொத்தானை அணைக்காதவரை, பழைய போன் அந்த எண் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மற்ற ஓரின்காரர்கள் அனுப்புவதெல்லாம் அதற்கே போகும், புதுப் போனுக்கு ஒன்றும் வராது. அதை எப்படி அணைப்பது என்று மன்றத்தில் படிப்படியாக எழுதி வைத்தவனே உல்ரிக்தான். அன்று அவன் கட்டைவிரல் அந்தப் பொத்தான்மேல் வந்து நின்றது. நின்று, விலகியது. தோழிகளின் செய்திகள் நாலு நாள் வராமல் போகட்டும், 'பாத்தியா, வெளிய போனா விடமாட்டாங்க, இதுதான் உன் ஓரின்' என்று கடைசி நாளில் எடுத்துக் காட்டலாம் என்று கணக்குப் போட்டான். பழைய போனை அப்படியே உயிரோடு, வீட்டு வைஃபையில் இணைந்தபடியே, தன் வேலை மேசையின் இழுப்பறையில் போட்டு மூடினான். மன்றத்தில் போய், "மகள் இன்று முதல் நம் பக்கம்" என்று எழுதினான். கைதட்டல் குவிந்தது.

டோர்தேயின் அப்பா பிரேபனை அவன் நினைக்கவில்லை. அவனைக் கொடுமைக்காரன் என்று சொல்ல முடியாது, அந்த நேரத்தில் நினைப்பே வரவில்லை, அவ்வளவுதான். படகுத்துறையில் காலமெல்லாம் கத்திக் கத்தி வேலை வாங்கிய மனிதர் அவர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது வைலே ஊரில், கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் படுத்திருந்தார். இன்னும் சில வாரம் தாங்கும் என்றார்கள் மருத்துவர்கள். பேச்சு போனதும் பேத்திக்கு எழுத ஆரம்பித்திருந்தார். ஜன்னலுக்கு வரும் கடற்காகத்தைப் பற்றி, உப்பில்லாத சூப்பைப் பற்றி, பக்கத்து அறைக்காரரின் குறட்டையைப் பற்றி. அவரிடமும் இருந்தது ஓரின்தான், டோர்தே வாங்கிக் கொடுத்தது.

ஞாயிறன்றே இழுப்பறை அதிர ஆரம்பித்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போது முழங்காலுக்குப் பக்கத்தில், மரத்துக்குள், ஒரு சின்ன உறுமல். வகுப்புப் பிள்ளைகளின் அரட்டை என்று நினைத்து அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை, ரை ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே விக்கா சொன்னாள்: "தாத்தா பதிலே போட மாட்டேங்கறார்ப்பா. சனிக்கிழமையிலேர்ந்து எழுதறேன். அம்மாவக் கூப்பிட்டுக் கேட்டா, 'உனக்குத்தான் எழுதிக்கிட்டே இருக்கார்'ங்கறா. என்னைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்றா."

உல்ரிக்குக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அவள் அனுப்புவது அவருக்குப் போகிறது, அவர் எழுதுவது இழுப்பறைக்கு வருகிறது. எழுந்து பக்கத்து அறைக்குப் போனால் போதும், ரொட்டி தின்று முடிப்பதற்குள் சரிசெய்துவிடலாம். ஆனால் சரிசெய்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் பந்தயம் அப்போதே முடிந்தது, சிம் பழைய போனுக்குத் திரும்பிவிடும், சாப்பாட்டு மேசையில் அந்தக் குனிந்த சிரிப்பும் திரும்பி வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள், பார்த்துக்கொள்ளலாம்.

"மருந்துல தூங்கிட்டு இருப்பார்மா. தொந்தரவு பண்ணாத," என்றான்.

அவள் தலையாட்டினாள். புதுப் போனின் கேமரா நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள், பெரிய மனசோடு. அன்றும் மறுநாளும் இழுப்பறை உறுமியது. அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தான். புதன்கிழமை சத்தம் நின்றுபோனது. சார்ஜ் தீர்ந்திருக்கும்.

வியாழக்கிழமை மதியம் டோர்தே கூப்பிட்டாள். பிரிந்ததிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை, பள்ளிச் செயலியில் இரண்டு வரி எழுதிக்கொள்வதோடு சரி. அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் அவன் நாற்காலியை விட்டு எழுந்துதான் எடுத்தான்.

"அப்பா போயிட்டார். காலையில." குரல் தட்டையாக இருந்தது. "நேத்து விக்காவை 'வா'ன்னு எழுதிக் கேட்டார். கதவையே பாத்துக்கிட்டு இருந்தார், உல்ரிக். நீதானே அவள விடல?"

"அவளுக்குச் செய்தி வரல, டோர்தே."

"பொய் சொல்லாத. அப்பா போன் என் கையிலதான் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழ 'சேர்ந்தது'ன்னு போட்டிருக்கு. நேத்து எழுதினதுக்குத்தான் இல்ல." அவள் வைத்துவிட்டாள்.

விக்கா மழையில் நனைந்து சைக்கிளில் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். அவள் உடனே அழவில்லை. "எனக்கு எழுதவே இல்லையே. என்மேல கோபமாவே போயிட்டாரா?" என்று கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. உள்ளே போய் இழுப்பறையிலிருந்து போனை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

அதை உயிர்ப்பிக்க அந்த வீட்டில் வழியில்லை. ஓரின் சார்ஜர் ஒன்றுகூடத் தன் வாசல் தாண்டியதில்லை என்று மன்றத்தில் பீற்றிக்கொண்டவன் அவன். விக்காவின் சார்ஜர் டோர்தே வீட்டில் கிடந்தது. எதிர்வீட்டு கிர்ஸ்டனின் கதவைத் தட்டினான். "அட, உங்க வீட்டுக்கு ஓரின் சார்ஜரா! சூரியன் மேற்கே உதிச்சிடுச்சா?" என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள்.

சார்ஜர் கம்பி குட்டை. மின்துளை நடைவழியில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி இருந்தது. விக்கா ஈரக் கோட்டோடு தரையிலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள். போன் விழித்ததும் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அவள் வாய்விட்டுப் படித்தாள், அவனுக்காக என்று சொல்ல முடியாது.

"'தாத்தா, நான் எழுதறது வருதா?'ன்னு கேட்டேன். 'வருதுடா, பதில் போட்டுக்கிட்டேதான இருக்கேன்'ங்கறார். மறுபடி கேட்டேன். மறுபடி 'இங்கதாண்டா இருக்கேன்'ங்கறார்." விரல் கீழே நகர்ந்தது. "'கோபமா?'ன்னு கேட்டேன். 'உன்மேலயா? ஒருநாளும் இல்ல'ங்கறார்." அதற்குப்பிறகு அவள் படிக்கவில்லை. கடைசியில் இருந்த ஒற்றை வார்த்தையை உல்ரிக் நின்ற இடத்திலிருந்தே பார்த்தான்.

"நீ கம்ப்யூட்டர்காரன்தானப்பா," என்றாள் விக்கா, திரும்பாமல். "உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நம்பவே ஆசைப்பட்டாள்.

"தெரியும்," என்றான்.

"எப்பலேர்ந்து?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவன் அங்கே நிற்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. போனைக் கம்பி எட்டும் அளவுக்கு இழுத்து வைத்து, ஈரமான கட்டைவிரலால் எழுதினாள். 'தாத்தா, இப்பதான் பாத்தேன்.' அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அதன் கீழே 'சேர்ந்தது' என்று வந்தது.

உல்ரிக் குனிந்தான். வைலேயில், இறந்தவரின் கட்டிலுக்குப் பக்கத்தில், டோர்தே அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிரேபன் என்ற பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் எழுந்து ஆடின. அங்கே யாரோ எழுதத் தொடங்கியிருந்தார்கள். நின்றன. மறுபடி ஆடின. விக்கா அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.